தனியாக வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தாதீர்கள்

தொல்சின்னங்களையும் பழங்கோயில்களையும் காக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

உங்கள் பராமரிப்பில் உள்ள ஒரு குன்றின் அடிவாரத்தில், காவலாளி உட்காரும் கொட்டகைக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது. தனி நபர்கள் மேலே செல்ல அனுமதி இல்லை, கேமரா கொண்டு செல்லத் தடை, மீறினால் நடவடிக்கை. அவ்வளவுதான் வாசகம். யார் போட்ட உத்தரவு, என்றைக்குப் போட்டது, எந்த விதியின் கீழ் என்று ஒன்றும் இல்லை. தேதி, கையெழுத்து, பதவிப் பெயர் எதுவும் கிடையாது. செல்போனுக்குத் தடை இல்லையாம். இரண்டு பேராக வந்தால் போகலாமாம். ஒருத்தியாக, தோளில் கேமராப் பையோடு போய் நின்றால் மட்டும் வந்த வழியே திரும்ப வேண்டும்.

நான் அப்படித்தான் திரும்பினேன். அதனால்தான் இந்த மடல்.

எந்தக் குன்று, எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே அந்தக் காவலாளியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பீர்கள். பிளெக்ஸ் அடிக்கச் சொன்னவர் அவருடைய நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார். அதோடு இது ஒரு குன்றின் கதையும் இல்லை. சில வருடங்களாக நான் போகிற இடங்களில் பாதியிலாவது இதே மாதிரி ஏதோ ஒன்று நடக்கிறது. ஓர் ஊரில் வாய்மொழித் தடை, இன்னோர் ஊரில் ரசீது இல்லாத ‘கேமரா சார்ஜ்’ (ரசீது கேட்டால் கேமராவே வேண்டாம் என்பார்கள்), மற்றோர் ஊரில் “பெரிய லென்ஸ் கூடாது, சின்ன லென்ஸ்னா பரவாயில்ல” என்று அந்த நிமிஷத்தில் பிறந்த ஒரு சட்டம். பொறுப்பு பல துறைகளுக்குப் பிரிந்து கிடப்பதால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரிவதில்லை. ஆகவே உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். ஐம்பதை நெருங்குகிறேன். முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலைப் பஸ்ஸைப் பிடித்து நார்த்தாமலை, கொடும்பாளூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று எங்காவது போய், பாதி நாள் இருந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவேன். யூடியூப் சேனல் இல்லை, படம் விற்கிற வியாபாரமும் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேமரா, ஓர் ஐம்பது எம்.எம். லென்ஸ், தண்ணீர் பாட்டில், டப்பாவில் தயிர்சாதம். என் மொத்தப் ‘புரொபஷனல் எக்யூப்மென்ட்’ இதுதான்.

அன்றைக்கு நடந்த பேச்சு இது.

“கூட யாரும்மா வந்திருக்காங்க?”

“யாரும் இல்லைங்க.”

“வீட்டுக்காரர் வரலையா?”

“இல்லை.”

“அப்பக் கஷ்டம்மா. ஒத்தைல விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். “ஆபீஸ்ல.” எந்த ஆபீஸ்? கையை ஆகாயத்தைப் பார்த்துக் காட்டி, “மேல” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. குன்று முழுவதற்கும் அவர் ஒருவர்தான் காவல். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கேன் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தகரக் கூரை. “நீங்க ஏதாச்சும் விழுந்து கிழுந்து வெச்சா என் தலைதாம்மா உருளும்” என்றார். அது உண்மை. உங்கள் அமைப்பில் உருளுவது எப்போதும் அந்தத் தலைதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கார்கள் வந்து நின்றன. கல்யாணத்துக்கு முன்னால் எடுப்பார்களே, அந்தப் போட்டோ ஷூட். பையனும் பெண்ணும், மேக்கப் போடுகிறவர், வெள்ளித் தட்டு மாதிரி ஒளியைத் திருப்பும் பலகையோடு ஒருவர், டிரோன் பெட்டி, கலர் புகை விடும் டின்கள், ஒரு புளூடூத் ஸ்பீக்கர். அனுமதிக் கடிதம் இருந்தது. காட்டினார்கள், மேலே போனார்கள். கூட்டமாக வந்ததால் அவர்கள் தனி நபர்கள் இல்லை. கடிதம் இருந்ததால் கேமராத் தடையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கடிதத்தை நானும் வாங்கலாம்தானே என்று விசாரித்தேன். வேறோர் ஊரில் இருக்கும் அலுவலகத்துக்கு, வேலை நாளில், லீவு போட்டுவிட்டு நேரில் போக வேண்டும். அங்கே இருக்கும் படிவத்தில் படப்பிடிப்பு, விளம்பரம், நிகழ்ச்சி, ஆராய்ச்சி என்றுதான் கட்டங்கள் இருந்தன. சும்மா வந்து உட்கார்ந்து பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு போகிறவளுக்குக் கட்டமே இல்லை.

என் குறையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். சத்தத்தோடு வருகிறவருக்கு உங்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. சத்தமில்லாமல் வருகிறவருக்கு இல்லை. நடைமுறை இல்லாத இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருத்தி தனியாக, ஒரு மண்டபத்தில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தால் அவளுக்கு என்ன பிரச்சினை, புருஷனோடு சண்டையா, ஏதாவது செய்துகொள்ளப் போகிறாளா, புதையல் தேடுகிறாளா என்று பார்க்கிறார்கள். இதில் ஒவ்வொன்றையும் என்னிடம் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள், புதையல் உட்பட.

இனி விதிகளைப் பற்றி. 2018 ஜூலையில் டெல்லி திலக் மார்க்கில் இந்தியத் தொல்லியல் துறையின் புதிய தலைமையகத்தைத் திறந்துவைத்த பிரதமர், சின்னங்களில் புகைப்படம் எடுக்கத் தடை போடுவதைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். அதைத் தொடர்ந்து, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் வளாகங்களுக்குள் படம் எடுக்கலாம் என்று அந்தத் துறை அறிவித்தது. விலக்கு மூன்றே இடங்களுக்கு: அஜந்தா குகை ஓவியங்கள், லே அரண்மனை, தாஜ்மகாலில் கல்லறை உள்ள பகுதி. அந்தச் செய்தியை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். ஓர் இடத்தில் எடுத்து நீட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “இது டெல்லிக்கும்மா” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சில இடங்களில் வேறு மாதிரி. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோவதைத் தடைசெய்யச் சொன்னது. வழிபாட்டின் அமைதியும் தூய்மையும் கெடக்கூடாது என்பது காரணம். அதில் எனக்குச் சண்டை இல்லை. மூலவரைப் படம் எடுக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தீபாராதனை நேரத்தில் எல்லாக் கைகளும் செல்போனோடு உயர்வதைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி, பூசையே நடக்காத, கதவே இல்லாத, சமணர் படுக்கை (சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய இடம்) மட்டும் இருக்கிற குகைக்கும் ‘கோர்ட் ஆர்டர்’ என்கிறார்கள். கேட்டால் யாரிடமும் ஆர்டர் இல்லை.

காரணத்தோடு சொன்ன தடையை நான் மீறியதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள் நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்த நடைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. இடுக்கான இடம், ஆள் போய் வந்தால் ஈரமும் மூச்சும் சுவரில் படியும், வண்ணம் போனால் போனதுதான். புரிகிறது. எட்டிப் பார்க்கக்கூட நான் முயன்றதில்லை. ஓவியம் இருந்தால் பிளாஷ் போடாதே என்கிறீர்கள், சரி. முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறீர்கள், அதுவும் சரி. முக்காலி எனக்கு வேண்டாம். இருட்டான மண்டபத்தில் துண்டைச் சுருட்டித் தரையில் வைத்து, அதன்மேல் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கால் விநாடி, அரை விநாடி எக்ஸ்போஷர் அப்படியே கிடைத்துவிடும். இதில் எந்தக் கல் தேய்ந்துவிடும்?

பாதுகாப்புக்காகத்தான் இந்தத் தடை என்று சொல்வீர்கள். குன்றில் ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாறை இடுக்குகளில் உடைந்த பாட்டில்கள் கிடக்கின்றன, தேன்கூடுகள் தொங்குகின்றன, மழை பெய்தால் படிகள் வழுக்குகின்றன, கைப்பிடிக் கம்பி பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது. சாயங்காலமானால் மேலே உட்கார்ந்து குடிக்கிறார்கள். சமணர் படுக்கைகளின் மேல் பெயிண்டால் காதலர் பெயர்களை எழுதுகிறார்கள், அந்தப் பெயர்களில் சிலவற்றின் பக்கத்தில் தேதி கூட இருக்கிறது, உங்கள் பிளெக்ஸில் இல்லாத தேதி. இதற்கெல்லாம் மருந்து என்னைத் திருப்பி அனுப்புவதா? உங்கள் வாசகத்தின்படி பையில் பாட்டிலோடு வருகிற இரண்டு பேர் மேலே போகத் தகுதியானவர்கள். அவர்கள் இருப்பதால் நான் வரக்கூடாது என்கிறீர்கள். பெண்கள் காலம் காலமாகக் கேட்டுச் சலித்த நியாயம்தான் இது, அதையே நீங்கள் இப்போது அச்சடித்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

சரி, கூட ஒருவரை அழைத்து வரலாமே என்கிறார்கள். என் அக்காவே கேட்டாள். வரலாம்தான். ஆனால் கூட ஒருவர் வந்தால் நடப்பதே வேறு. அவருக்கு வெயில் அடிக்கும், பசிக்கும், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்பார், அவரை நிற்கவைத்துவிட்டோமே என்று நமக்கும் உறுத்தும். கைடு வந்தால் இன்னும் மோசம். தாராசுரத்தில் எல்லோருக்கும் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தைக் காட்டுவார்கள், சுரம் பேசும் படிக்கட்டைக் காட்டுவார்கள், கிளம்பிவிடுவார்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாக நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து, கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்தால்தான் அவை கண்ணுக்குப் படும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிற காட்சி அங்கே இருக்கிறது. கூட்டத்தோடு நடந்து போகிறவருக்கு அது முழங்காலுக்குக் கீழே கடந்து போய்விடும். நான் அதன் முன்னால் உட்கார்ந்து, படம் எடுக்கக்கூடத் தோன்றாமல், வெகுநேரம் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்கும் அந்தக் காட்சிக்கும் தொடர்பு உண்டு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு தொடர்பு கூட்டத்தின் நடுவில் மனதுக்குள் வராது.

நார்த்தாமலையில் மேலமலைக்குப் போனால் விசயாலய சோழீச்சரம் இருக்கிறது. மேற்குப் பார்த்த கோயில். உள்ளே கருவறை வட்டம், அதைச் சுற்றிய சுவர் சதுரம். இந்த அமைப்பை இந்தப் பக்கத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. எதிர்ப் பாறையில் குடைந்த இரண்டு குடைவரைகள், ஒன்றில் வரிசையாகத் திருமால் உருவங்கள். சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன் எடுத்த கற்றளி, அதாவது கற்கோயில், மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. கட்டியவன் பெயரோடு பழுதுபார்த்தவன் பெயரும் கல்லில் நிற்கிறது, பாருங்கள். மேற்குப் பார்த்த கோயில் என்பதால் காலையில் போனால் முகப்பு நிழலில் கிடக்கும். நாலரை, ஐந்து மணிக்குத்தான் வெயில் எதிரிலிருந்து வந்து வாயிலின் இரண்டு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர் சிலைகள்மேல் விழும். அப்போது அவர்கள் கையும் தொடையும் இடுப்பு முடிச்சும் ஒவ்வொன்றாக எழும்பி வரும். இதற்காக மத்தியானத்திலிருந்து பாறையின் ஓரத்தில் காத்திருக்க யார் கூட வருவார்கள், சொல்லுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் திறப்பு நேரத்தை முடிவுசெய்கிறவர்கள் இதை நினைத்ததாகவே தெரியவில்லை. பழைய கல்வெட்டில் பள்ளம் ஆழமாக இருக்காது. நூற்றாண்டுகளாக மழை தேய்த்த கருங்கல்லில் உச்சி வெயிலில் போய் நின்றால் வெறும் சொரசொரப்புதான் தெரியும். சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வெயில் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் நிற்கும், அப்போது சாதாரணக் கண்ணுக்கே ‘ஸ்வஸ்திஸ்ரீ’ தெரியும், அப்புறம் ‘யாண்டு’ தெரியும், அதற்கடுத்து ஆட்சியாண்டின் எண். கிழக்குப் பார்த்த கோயிலில் தெற்குச் சுவரைப் படிக்க வேண்டுமென்றால் மார்கழி, தை மாதக் காலைகளில் போக வேண்டும். சூரியன் தெற்கே தள்ளி உதிப்பதால் அந்தச் சுவரை உரசிக்கொண்டு வெயில் வரும். வடக்குச் சுவருக்கு ஆனி, ஆடி. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. மறுபடி மறுபடி போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டது. காவலாளி ஒன்பதரைக்கு வந்து பூட்டைத் திறக்கிற இடங்களில் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை. எழுத்தைப் படிக்க முடியவில்லையே என்று சிலர் மாவையும் சாக்பீஸையும் கல்லில் தேய்க்கிறார்கள். கதவை விடியலில் திறந்துவைத்தால் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும், கல்லும் கெடாது.

கேமராவைச் சந்தேகமாகப் பார்க்கிற துறைகளுக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறேன். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலிலிருந்து கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். அதனால் அங்கே என்ன நின்றது, எந்தச் சுவரில் என்ன எழுதியிருந்தது என்று காட்ட ஒரு படம்கூட நம்மிடம் இல்லை. இருபது வருடம் கழித்து லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மரக் கேமராவோடு தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம், திருச்சி என்று சுற்றினார். மெழுகு தடவிய காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 1858-இல் 21 படங்களை ஒட்டிச் சேர்த்து ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். செலவு அதிகம் என்று அந்தப் புகைப்பட வேலையையே கொஞ்ச காலத்தில் அரசு மூடிவிட்டது, அது வேறு கதை. அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு மனிதர் பொறுமையாக நின்று எடுத்த படங்கள். இன்றைக்கு அவர் வந்தால் உங்கள் வாசலில் முக்காலியையும் பெட்டியையும் ஓரமாக வைத்துவிட்டு, கூட யார் வந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று நம் காலத்தியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஆள் போக்குவரத்தே இல்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு சோழர் கோயிலிலிருந்து நடராசர் சிலை களவுபோனது. கோயில் பூட்டியே இருந்ததால் ஊருக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சிலையை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி வைத்திருந்தது. அது நம்முடையது என்று நிறுவ எது உதவியது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படச் சேகரிப்பில் 1994-இல் எடுத்த படம் இருந்தது. பழைய படத்தையும் கலைக்கூடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். விருத்தாசலத்திலிருந்து களவுபோய் அதே நாட்டுக்குப் போயிருந்த அர்த்தநாரீசுவரர் சிலைக்கும் இதே போலப் பழைய படம்தான் சாட்சி. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபோட் டெல்லி வந்தபோது இரண்டு சிலைகளையும் ஒப்படைத்தார். பூட்டு காப்பாற்றாததைப் படம் மீட்டுக்கொடுத்தது. உங்கள் பாதுகாப்பில் எத்தனையோ கற்சிலைகளும் கல்வெட்டுகளும் எந்தப் படமும் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கின்றன. திருப்பணி என்ற பெயரில் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிப்போன சுவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒரு சுவரின் முந்தைய படம் என் கணினியில் இருக்கிறது, எந்த அலுவலகத்திலாவது இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். காசு வாங்காமல், கேட்காமலே, என்னைப் போன்றவர்கள் உங்களுக்கு ஆவணம் எடுத்துத் தருகிறோம். அதைத்தான் தடுக்கிறீர்கள்.

அதோடு ஆள் நடமாட்டமே ஒரு காவல். மாதத்துக்கு நாலு பேர் தனித்தனியாக வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிற குகையில் பெயிண்ட் டப்பாவோடு ஏறுகிறவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். யாருமே வராத குகை அவனுக்குச் சொந்தம்.

இப்போது கேட்கிறேன்.

முதலில், தேதியும் கையெழுத்தும் இல்லாத பலகைகளை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். தனியாக வருகிறவரைத் தடுக்கும் உத்தரவு உண்மையிலேயே இருந்தால் அதன் எண், தேதி, பிறப்பித்த அதிகாரியின் பதவி, காரணம் எல்லாவற்றையும் வெளியிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதைக் கேட்டு மனு அனுப்பியிருக்கிறேன், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆனாலும் மனுவுக்குப் பதிலாக வராமல் நீங்களாகவே அறிவித்தால் எனக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்கும் தெரியும்.

முக்காலி, பிளாஷ், டிரோன் இல்லாத சாதாரணக் கேமராவைச் செல்போனைப் போலவே நடத்துங்கள். எங்கே எடுக்கக்கூடாதோ அங்கே, கருவறையோ ஓவியமோ, காரணத்தோடு தமிழில் எழுதி வையுங்கள். கட்டணம் உண்டென்றால் தொகையைப் பலகையில் போடுங்கள், ரசீது கொடுங்கள்.

தனியாக ஏறுகிறவர்களுக்கு அடிவாரத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், போன் நம்பர், போன நேரம், இறங்கிய நேரம். சாயங்காலம் கணக்கு பார்த்தால் யார் மேலே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு விபத்து நடந்தால் காவலாளி பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், பெண் என்பதற்காக மட்டும் கேட்காமல் எல்லோரிடமும் கேட்டால். மேலே குடிக்கிறவர்களைப் பற்றி ஊர்க் காவல் நிலையத்துக்கு எழுதி, வாரக் கடைசியில் ரோந்து வரச் சொல்லுங்கள்.

சூரிய உதயத்துக்குத் திறங்கள். முதல் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரும் போட்டோ ஷூட்டும் வேண்டாம் என்று அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். அவர்களுக்கு மீதி நாள் முழுக்க இருக்கிறது.

ஒரு குன்றுக்கு ஒரு காவலாளி என்பதை இரண்டாக்குங்கள், அவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் ஒரு பொதுத் தொலைபேசி எண்ணும் கொடுங்கள், சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க அந்த எண்ணில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் இருக்க வேண்டும். நோட்டு வைக்கவும், பூட்டைச் சீக்கிரம் திறக்கவும், பலகையைக் கழற்றவும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, மார்கழி பிறப்பதற்குள் செய்துவிடலாம். மற்றவை எப்போது முடியும் என்று தேதி போட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து, தனியாக வருகிற ஒருத்தி